முப்பத்தாறு சதுர அடி வாடிக்கையாளர்கள்

பிரிக்பீல்ட்ஸ்,
சனிக்கிழமை மாலை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கமலநாதன் மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை அமுதவள்ளியைக் கைப்பிடித்த முகுந்தன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அமுதவள்ளி நலம், மகள் தாமரை நலம், லோரியும் நலம். என்னைப் பற்றி மட்டும் விசாரிக்க வேண்டாம். அங்கே தெலுக் பங்லிமா காராங்கில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் மாஸ்க் என்கிற முகக்கவரியும் கையுமாக நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை எண்ணை அழுத்தினேன், வாய் வரவில்லை. அதனால்தான் காகிதம்.

முதலில் தலைபோகிற விஷயம். தொழிற்சாலை வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி வைத்திருந்தால் இன்றே கிழித்துப் போடுங்கள். கொடுத்துவிட்டிருந்தால், மறுநாள் காலை மேனேஜர் வருவதற்கு முன்பே போய் நின்று திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால், 'என் தங்கச்சி வீட்டுக்காரன் ஒரு மடையன்' என்று சொல்லுங்கள். ஆதாரம் கேட்டால் நானே நேரில் வருகிறேன்.

போன மாதம் உங்களிடம் என்ன சொன்னேன்? "மச்சான், வீட்டு வாசல்ல புல்லு பதிக்கச் சொல்லி நானூறு கஸ்டமர் கையில இருக்காங்க, எனக்கு ரெண்டு கை பத்தல, பார்ட்னரா வந்துடுங்க" என்றேன். ஒரு சட்டை வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற நீங்கள், நான் முடிக்கும் முன்பே "வரேன் முகுந்தன், எப்ப வரணும்?" என்றீர்கள். அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத்தான் இப்போது நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்த நானூறு பேரில் ஒருவருக்குக்கூட புல் தேவையில்லை மச்சான். பாதிப் பேருக்கு மண்ணே கிடையாது.

எல்லாம் கியூஆர் என்கிற அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தால் வந்தது. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் ஊரே அடைந்து கிடந்தபோது புல் மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருந்தது, ஆனால் வெட்டக் கூப்பிட ஆளில்லை. கட்டுப்பாடு தளர்ந்ததும் தாமரை, "அப்பா, இனிமே யாரும் நேம் கார்டைக் கையில வாங்க மாட்டாங்க லா. கியூஆர் போடுங்க, ஸ்கேன் பண்ணா போதும்" என்றாள். படித்த பிள்ளை சொன்னால் கேட்க வேண்டாமா? முதலில் லோரியின் பின்பக்கம் பெரிதாக ஒட்டினோம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னால் இருப்பவர்கள் ஸ்கேன் செய்வார்கள் என்பது திட்டம். செய்தார்கள். பாதியில் பச்சை விழுந்ததும் நான் கிளம்பிவிட்டேன், ஒரு மோட்டார் சைக்கிள்காரர் கைப்பேசியை நீட்டியபடி சுங்கை வே வரை துரத்தி வந்தார். யாரோ அடிக்க வருகிறார் என்று பயந்து நான் இன்னும் வேகமாக ஓட்டினேன். தன் வாடிக்கையாளரிடமிருந்தே தப்பி ஓடிய முதல் தொழிலதிபர் நானாகத்தான் இருப்பேன். அடுத்து என் சட்டை முதுகில் அச்சடித்தோம். குனிந்தால் கட்டம் கோணி ஸ்கேன் ஆகாது, "அங்கிள், கொஞ்சம் நிமிந்து நில்லுங்க" என்பார்கள். புல் பதிக்கிறவன் நிமிர்ந்து நின்றால் வேலை எப்படி நடக்கும்? ஒரு வீட்டில் அரை நாள் விறைத்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டு அம்மா என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்து, "வேலை செய்ற ஆளு எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

மூன்றாவதாகத்தான் கிள்ளானில், லிட்டில் இந்தியாவில், ரபேல் அண்ணனின் சாப்பாட்டுக் கடை வாசலில் ஒட்டினேன், அன்றே உங்களிடம் போனில் பெருமையும் அடித்தேன். ரபேல் அண்ணனை உங்களுக்குத் தெரியாது, தேவாலய வளாகத்தில் நான் செடி வைத்தபோது பழக்கம். இப்போதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் ஒரு கட்டத்தை ஸ்கேன் செய்து பெயர், எண், செல்சியஸில் உடம்புச் சூடு மூன்றையும் நிரப்பிவிட்டுத்தானே உள்ளே விடுகிறார்கள்? அவர் கடையின் கட்டம் ஒரு கதவில் இருந்தது, என் கட்டத்தை மறு கதவில் ஒட்டினேன். அவர் கட்டம் இருந்த கதவை எந்நேரமும் சாத்தியே வைத்திருப்பார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. என் கதவுக்குப் பக்கத்தில்தான் நெற்றியில் சூடு பார்க்கும் மேசையும் இருந்தது. என் படிவத்திலும் தாமரை மூன்றே பெட்டிதான் வைத்திருந்தாள். பெயர், எண், உங்கள் புல்தரை எத்தனை சதுர அடி. பசியோடு வருகிறவன் மூன்றாவது பெட்டியைப் படித்தா நிரப்புவான்?

முதல் நாளே பதிவுகள் குவிந்தன. 36.4, 36.7, 36.2, 36.5. நான் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசித்தேன் மச்சான், அதுதான் வெட்கம். 'கிள்ளான் ஜனங்கள் என்ன ஒழுங்கு! புள்ளி வைத்து அளந்திருக்கிறார்கள்' என்று யோசித்தேன். ஏதோ ஒரு பழைய வீடமைப்புத் திட்டத்தில் எல்லாருக்கும் ஒரே அளவில் முன்வாசல் கொடுத்திருக்கிறார்கள் என்று அமுதவள்ளிக்கு விளக்கமும் சொன்னேன். ஆறாறு முப்பத்தாறு, கணக்கில் நான் புலி. ஆறடிக்கு ஆறடியாக வெட்டி அடுக்கிய புல், மிச்சமிருக்கும் புள்ளிக்கு ஒரு ரோஜாச் செடி இலவசம், பெயர் 'ஆறடி பேக்கேஜ்' என்றேன். "சுடுகாட்டு விளம்பரம் மாதிரி இருக்கு, பேரையாவது மாத்துங்க" என்றாள் உங்கள் தங்கை. நான் கேட்கவில்லை. நர்சரியில் சொல்லி முப்பத்தாறு முப்பத்தாறாக வெட்டி ஒரு லோரிப் புல்லை இறக்கிவிட்டேன். அந்த மிதப்பில்தான் உங்களையும் கூப்பிட்டேன்.

பிறகுதான் பட்டியலில் 38.1 என்று ஒரு பதிவைப் பார்த்தேன். பெயர் தம்புசாமி. வசதியான ஆள், இவரிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று போன் போட்டேன். "ஐயா, உங்க முப்பத்தெட்டு புள்ளி ஒண்ணு விஷயமாப் பேசணும்" என்றேன். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். "அது நேர்ல வந்து பாத்தாத்தான் தெரியும். நாளைக்குக் காலையில வரேன், அட்ரஸ் குடுங்க" என்றேன். சுங்கை வேயில் ஒரு ஃபிளாட்டைச் சொன்னார்.

போனேன். முகத்தில் கவரி, கையில் ரப்பர் உறை, காலில் பூட்ஸ், முதுகில் மருந்தடிக்கிற தொட்டி. நாலாவது மாடியில் புல்தரை எப்படி இருக்கும் என்ற கேள்வி எனக்கு மூன்றாவது மாடியில்தான் வந்தது. நான் நடக்க நடக்க இரண்டு பக்கமும் கதவுகள் சாத்திக்கொண்டன. தம்புசாமி ஐயா கதவைத் திறந்தார். எழுபது வயதிருக்கும். கையில் துணிப்பை, தோளில் துண்டு, பின்னால் அவர் வீட்டம்மா அழுதுகொண்டிருந்தார். "எல்லாம் எடுத்து வச்சிட்டேன் டாக்டர். வெயில்ல நடந்து போனேன், அதான் சூடு கூடக் காட்டுச்சு. கொஞ்சம் உக்கார வச்சு மறுபடி பாத்தாங்க, சரியாயிடுச்சுன்னு உள்ள விட்டாங்க. தனிமை முகாம்ல என்னை எத்தனை நாள் வச்சிருப்பீங்க?" என்றார். படித்து வாங்க முடியாத பட்டம் மச்சான், மருந்துத் தொட்டியால் கிடைத்தது. "ஐயா, நான் புல்லு போட வந்தவன்" என்றேன். "புல்லா? எங்க?" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அவருடைய வரவேற்பறையைச் சுற்றிப் பார்த்தோம். உண்மை தெரிந்ததும் அந்த அம்மாள் அழுத கண்ணோடு என்னைத் திட்டிய திட்டு எனக்கு ஆறு தலைமுறைக்குப் போதும். பிறகு அவரே தேநீரும் கொடுத்தார்.

இப்போது அந்த ஒரு லோரிப் புல்லும் எங்கள் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். நிர்வாகக் குழுத் தலைவர் தினமும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். என் கூத்து என்னோடு போகட்டும், நான் விழுந்து எழுந்து பழகியவன். மாதம் பிறந்தால் உங்களுக்குச் சம்பளம், மருத்துவ அட்டை, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் அந்தத் தொழிற்சாலையை நம்பித்தான் இருக்கிறது. அதை என் பேச்சைக் கேட்டு நீங்கள் விட்டால் அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? தயவு செய்து வேலையை விடாதீர்கள். இனி உயிருள்ளவரை கியூஆர் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லார் உடம்புச் சூடும் முப்பத்தேழைத் தாண்டாமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து, ஆகவே முதுகிலுள்ள கட்டம் கோணிப்போன,
முகுந்தன்.

பி.கு.: இன்று ஞாயிறு. தபாலில் போடுவதற்கு முன், கிள்ளானுக்குப் போய் அந்தக் காகிதத்தைப் பிய்த்துவிடலாம் என்று போனேன். ரபேல் அண்ணன் ஓடி வந்து தடுத்தார். "ஏன் பாஸ் கிழிக்கிறீங்க? உங்க ஆளு மூணு மாசமா டெய்லி வாசல்ல நின்னு, வர்றவங்களை எல்லாம் இதைத்தானே ஸ்கேன் பண்ண வைக்கிறாரு? ஃபேக்டரி சட்டை, கழுத்துல டேக் எல்லாம் போட்டுக்கிட்டு நின்னாரா, ஜனங்க கவர்மெண்ட் ஆளுன்னு நெனச்சிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வரமாட்டாரு" என்றார். எனக்கு அப்படி யாரும் ஆள் இல்லையே என்றேன். "உங்க மச்சான்னு சொன்னாரே. மத்தியானம் கடைசி மேசையில உக்காந்து வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுவாரு. அஞ்சு மணிக்குத்தான் கெளம்புவாரு. தொழிற்சாலையில ஆள் குறைச்சிட்டாங்கன்னு ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாரு. வீட்டுல தெரியாதாம் பாஸ்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் மச்சான். மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அமுதவள்ளியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியது நீங்கள். காகிதத்தையும் பிய்க்கவில்லை. புல்லே தேவைப்படாத நானூறு பேரை என் புல்லுக்குப் பதிவு செய்ய வைத்த ஆள், புல் வைத்திருப்பவர்களைப் பிடிக்க மாட்டாரா? எனக்கு இல்லாத திறமை அதுதான். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் அக்கா பிரித்துவிடுவார் என்பதால் ரபேல் அண்ணன் கையில் கொடுத்து வைக்கிறேன். திங்கட்கிழமை காலை நீங்கள் வாசலுக்கு வந்ததும் தருவார். படித்துவிட்டு அப்படியே தெருவைப் பாருங்கள். எதிரே, வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நிற்பது நம் லோரிதான், உள்ளே இருப்பது நான்தான். போலீஸ்காரர் அபராதச் சமன் வைப்பதற்குள் வந்து ஏறுங்கள்.