அரைமணிக்கூர் சிஸ்டர்

எங்கள் வட்டாரத்தில் ஹெட்மாஸ்டர், பஸ் கண்டக்டர், கோவிலில் பூசை வைக்கிற போற்றி, குடித்துவிட்டு வந்தவன், குடிக்காமல் வந்தவன் என்று சகல பேரையும் ஒரு தடவையாவது அரைமணி நேரம் சும்மா உட்கார வைத்த ஒரே மனுஷி அரைமணிக்கூர் சிஸ்டர்தான். அம்மையும் அப்பனும் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாருக்கும் அது தேவைப்படவில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸ் அவள். ஊசி போட்டால் கொஞ்ச நேரம் கண்ணெதிரே இருத்திப் பார்க்க வேண்டும் என்பது சட்டமாம். அவள் அந்தச் சட்டத்தைச் சவ்வு மிட்டாய் மாதிரி இழுத்துவிட்டாள். தலைவலி மாத்திரை வாங்கினவனுக்கும் அரைமணிக்கூர். ஒரு நாள் பேச்சிப்பாறைக்கு வழி கேட்டு வந்தவனையும் உட்கார வைத்து, அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்து அனுப்பினாள்.

நான் திருவட்டாறு பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு தீர்ந்தது. ஆனால் முந்நூறு பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்த்தே உப்புப் போடுவேன். என் சாம்பாரைக் குறை சொன்ன ஒரே ஆள் இந்தச் சிஸ்டர். "அக்கா, இதுல முருங்கைக்கீரை எங்க?" என்று கரண்டியை விட்டுத் தேடுவாள். எடை மெஷின் கொண்டுவந்த அன்றைக்கு என்னையும் ஏறச் சொல்லி, அறுபது பிள்ளைகள் நிற்க, என் எடையைச் சத்தமாக வாசித்தாள். இரண்டு வாரம் நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கர்ப்பப்பை வாயில் புற்று வராமல் தடுக்கிற ஊசி பெண்பிள்ளைகளுக்கு வந்த வருஷம் அது. மேலேயிருந்து வந்த உத்தரவு, ஊசியைப் போடு, ஜீப்பில் ஏறு, அடுத்த பள்ளிக்கூடம் போ என்பது. சிஸ்டர் கேட்பாளா?

"ஒரு பிள்ளை சட்டைக்கையை மடக்கிட்டு நம்ம முன்ன வந்து நிக்கியது வருஷத்துல ஒரு நாளு. அன்னைக்கு ஊசியை மட்டும் குத்திட்டு விட்டா, பின்ன எப்பம் பிடிக்கியது அதுகளை?" என்றாள்.

ஆக ஒரே வரிசை. முதலில் என் கஞ்சியும் பயறும். அப்புறம் எடை, உயரம், பல், கண். விரல் நுனியில் குத்தி ரத்தம் எவ்வளவு என்று பார்ப்பது. பூச்சி மாத்திரை. கடைசியில்தான் ஊசி. அது முடிந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணிக்கூர். தீட்டு, வெள்ளைபடுதல், பஸ்ஸில் இடிக்கிறவன் என்று எதையும் கேட்கலாம். ஔவையார் நோன்புக்கு வீட்டு ஆண்களை விரட்டுவோமே, அதே மாதிரி ஹெட்மாஸ்டரையே மாமரத்தடிக்கு அனுப்பிவிட்டாள். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய் என் அடுக்களைத் திண்டில் தூங்கினான்.

அஜிதா என்ற பிள்ளையின் சம்மதக் காகிதம் மட்டும் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்திருந்தது. அப்பன் தங்கையன், ரப்பர் பால்வெட்டுக்காரன். அஜிதாவின் அம்மை செத்தது இதே புற்றால்தான். "ஊசி இல்லாட்டா என்ன, மத்ததெல்லாம் உண்டு, வரிசையில நில்லுட்டி" என்று அவளையும் சேர்த்துக்கொண்டாள் சிஸ்டர்.

யாரோ போய்த் தங்கையனிடம் ஊசி அறையில் உன் மகள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். இடுப்பில் பால்வெட்டுக் கத்தியோடு வந்தான். ஹெட்மாஸ்டர் மாமரத்துக்குப் பின்னால் போனார்.

"எம்பிள்ளைய விடு. அவ அம்மைய மெடிக்கல் காலேஜுல ஊசி ஊசியா குத்தித்தான் அனுப்புனாவ. இவளுக்கு ஒரு ஊசியும் வேண்டாம்."

சிஸ்டர் கத்தியையும் பார்க்கவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை. "விரல்ல என்ன அது?" என்றாள்.

காலையில் கத்தி பட்ட காயம். அதன்மேல் ரப்பர் பாலைத் தடவி ஒட்டியிருந்தான். மண்ணும் தூசியுமாக உறைந்து கிடந்தது. பால்வெட்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான்.

"சைக்கிள் டியூபா இது, பஞ்சர் ஒட்டுகதுக்கு? காட்டும் கைய."

சண்டைக்கு வந்தவன் கையை நீட்டினான். உரித்து, கழுவி, கட்டுப் போட்டு, தோளில் ரணஜன்னிக்கு ஒரு டிடி ஊசியும் போட்டுவிட்டாள். "இனி அரைமணிக்கூர் இரும். உள்ள ஆம்பிளை வரப்பிடாது. அந்தா, ஜன்னலுக்கு வெளிய திண்டுல."

அந்தத் திண்டில் இருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பாலில்லாமல் ஒரு கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். உள்ளே பிள்ளைகள் கேட்பதும் சிஸ்டர் சொல்வதும் சளசளவென்று கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் அஜிதாவின் குரல் வந்தது.

"சிஸ்டர், எனக்கு மாசத்துல பத்து நாளு போகுது. படி ஏறினா கண்ணு இருட்டுது."

"எப்பத்துலேருந்து?"

"ஓணத்துக்குப் பிறவு. அம்மைக்கும் இப்படித்தான் தொடங்குச்சு. அப்பாகிட்ட சொன்னா பயந்துருவாரு. அதுனால சொல்லல."

தங்கையன் சாயாக் கிளாஸைத் திண்டில் வைத்தான்.

"ரத்தம் குறைவுன்னு இப்பம் பாத்தோம்லா. இந்த வயசுல இப்படி வாறது உண்டு மக்கா. வேற ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் பாத்து சொல்லட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். இது வேற, அம்மைக்கு வந்தது வேற. அது வராம இருக்கதுக்குத்தான் இந்த ஊசி. அது வந்த பிறவு குத்துன ஊசி இல்ல இது, கேட்டியா?"

கடைசி வார்த்தைகளை அவள் மகளுக்குச் சொன்னாளா, ஜன்னலுக்குச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்டேன். "அவன் காதுல விழுந்தது தப்புதான் அக்கா. ஜன்னலைச் சாத்தியிருக்கணும். மறந்துட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

தங்கையன் சாயாவைக் குடிக்காமலே எழுந்தான். கதவுக்கு வெளியே நின்று, "அந்தக் காகிதத்தைத் தாங்க" என்றான். வலது கையில் கட்டு. இடது கையால் போட்ட கையெழுத்து செத்த பல்லி மாதிரி கிடந்தது. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருக்கிற பழைய கையெழுத்தோடு ஒக்கவில்லையே என்று இழுத்தார் ஹெட்மாஸ்டர். "கட்டுப் போட்டதே நான்தான் சார். சாட்சியும் நானே" என்றாள் சிஸ்டர்.

அஜிதாவுக்கு ஊசி போட்டு மறுபடியும் ஒரு அரைமணிக்கூர் ஆனதில், ஜீப் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது. அடுத்த பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு ஊசி போகவில்லை. அங்கே காத்திருந்த பிள்ளைகளுக்காக அவளுக்கு விழுந்த திட்டைப் போனுக்கு வெளியே நின்றே நான் கேட்டேன். மூன்றாம் மாதம் பேச்சிப்பாறைக்கு மேலே, மலைக்கு மாற்றிவிட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது நான் வேலையாக இருப்பதுபோல அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த அரிசியையே களைந்தேன்.

இரண்டாவது ஊசிக்குத் தங்கையனே மகளைக் கூட்டி வந்தான். சிஸ்டர் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டரின் மருந்தும் மாத்திரையும் பலித்துப் பிள்ளை முகத்தில் சிவப்பு ஏறியிருந்தது. புது சிஸ்டர் நல்ல பெண்தான், கை வேகம். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தங்கையன் தோளில் ஒரு மட்டி வாழைப்பழக் குலை. அவளுக்குக் கொண்டுவந்தானாம். மாற்றலான விஷயத்தைச் சொன்னேன். குலையோடு அப்படியே மலைக்கு பஸ் ஏறினான். "நல்லா இருக்காளான்னு கேளு" என்றேன்.

மறுநாள் பதில் கொண்டுவந்தான். "சிஸ்டர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. அக்காளைப் பிரஷர் பாக்கச் சொல்லுன்னு."

பார்த்தேன். கூடுதல் என்றார்கள். அன்றிலிருந்து காலையில் ஒரு மாத்திரை. அவளைத் திட்டாமல் ஒரு நாளும் நான் அதை விழுங்கியதில்லை. மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் ஒருநாள் சொல்லிவிட்டால், பிறகு எந்தச் சாக்கில் தினமும் அவள் பேரைச் சொல்வேன் என்றுதான் இப்போது கவலையாக இருக்கிறது.