தேங்காய்க்காரர் சொன்ன பொய்

தண்ணீர் இல்லை என்று சொல்வதற்காகவே நீரோட்டம் பார்க்கப் போன மனிதர் உலகத்திலேயே எங்கள் தேங்காய்க்காரர் ஒருவர்தான்.

உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடப்பார். அடியில் ஊற்று இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது வருசநாட்டுப் பக்கத்து நம்பிக்கை. இவர் கையில் மட்டும் அது அசையாது. “இங்கன தண்ணி இல்ல, கம்பு வெதைங்க” என்று சொல்லிவிட்டு, தேங்காயை மறக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். அவர் வீட்டில் தினமும் சட்னிதான் என்று ஊரே சிரிக்கும்.

இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் கிணறு அடி தட்டிக்கொண்டிருந்தது. அண்ணனின் வாழையோ குலை தள்ளும் நேரம். போர் போட்டே தீருவது என்று, வேறு ஆள் கிடைக்காமல் தேங்காய்க்காரரைக் கூட்டிவந்தான்.

அன்று மனிதர் கொஞ்சம் அசந்துவிட்டார் போலும். கிணற்றுக்கு மேற்கே, வேம்படியில், தேங்காய் விறைத்து நின்றது. என் கண்ணால் பார்த்தேன். அவர் சட்டென்று விரலால் சாய்த்தார்.

“இல்ல தம்பி.”

“நின்னுச்சேண்ணே” என்றான் அண்ணன்.

“காத்து.”

“காத்துக்குத் தேங்கா நிக்குமா? யாருகிட்ட கதை விடுறீக?”

“வாழைய விடு. இருக்கிற தண்ணியில கம்பாச்சும் எடு.”

அண்ணனுக்கு வந்ததே கோபம். மறுவாரமே அதே இடத்தில் போர் போட்டான். தண்ணீர் பீறிட்டது. டீக்கடையில் வைத்து, முகத்துக்கு நேராகவே, “பொய்க்காரன்” என்றான். அவர் பாட்டுக்குப் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

அடுத்த கோடையில் போரில் வெறும் காற்று வந்தது. கிணறும் வறண்டது. மாட்டுக்கு வைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. திருப்பூருக்கே போய்விடலாம் என்று அண்ணி மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

கூப்பிடாமலே கடப்பாரையோடு வந்தார் தேங்காய்க்காரர்.

“அன்னைக்கு நின்னது நிசந்தான் தம்பி. அது உங்க கிணத்துக்குப் போற ஊத்து. சொன்னா நீ போரப் போட்டு அத அறுத்துருவேன்னு பயந்தேன்.”

அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனான். இருவருமாகப் போரைச் சுற்றிக் குழி வெட்டி, கல்லும் மணலும் நிரப்பி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்க வாய்க்கால் இழுத்தார்கள். ஐப்பசியில் மழை இறங்கியது. தையில் கம்பு அறுத்தோம். கிணற்றில் மூன்று படி முழுகத் தண்ணீர் நின்றது. அண்ணி மூட்டையைப் பிரித்துவிட்டார்.

கூலி வேண்டாம் என்றார் தேங்காய்க்காரர். அண்ணன் ஒரு தேங்காயை எடுத்து அவர் கையில் வைத்தான். தலை நிமிரவில்லை.

“வச்சுக்கங்கண்ணே. இனி எவன் தோட்டத்துல தேங்கா நின்னாலும் சாச்சு விட்டுருங்க.”

அந்தப் பொய்க்காரர் எங்கள் வரப்பைத் தாண்டிப் போகும்வரை நாங்கள் யாரும் உட்காரவில்லை.