டீ செட், பல் செட், மாப்பிள்ளை

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷை அள்ளி அள்ளிக் கொடுக்கும் அன்பு மைத்துனருக்கு, உங்கள் அக்காளைக் கட்டிய பாவி எழுதுவது. இங்கே என் வாய் உட்பட எல்லாரும் நலம். அங்கே தாங்களும் தங்கள் வாயும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. அவ்வளவு பெரிய பாஷையை வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து 'செட்' என்று ஒரே சொல்லில் ஏன் பஞ்சம் பிழைக்கிறார்கள்? குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்த காலம் பூராவும் செட் என்றால் எனக்குப் பம்ப் செட்தான். ஓடினால் அது சத்தம் போடும், ஓடாவிட்டால் ஊரே சத்தம் போடும். அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு பல் டாக்டர் என் மிச்சப் பற்களையும் பிடுங்கிவிட்டு ஒரு செட் போட்டார். அது ஈறைக் கடித்தது. போய்ச் சொன்னால், போகப் போக செட் ஆகிவிடும் என்கிறார். செட்டே இனிமேல்தான் செட் ஆக வேண்டும் என்றால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

இந்த லட்சணத்தில், ஓவியம் படித்து முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மருமகள் ஃபோனில் யாரிடமோ, "ஒருவழியா செட் ஆயிடுச்சுடி, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வரார்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பெண்ணைப் பெற்றவன் காதுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? யாரம்மா அவர் என்று கேட்டேன். செட் போடுகிறவர், பெரிய பெரிய செட்டெல்லாம் போட்டவர் என்றாள். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பல் செட் போடுகிறவரே மருமகனாக வந்தால், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதானே? பெரிய செட் என்றதுதான் கொஞ்சம் இடித்தது. உலகத்தில் பெரிய வாய்க்காரர்களும் உண்டு, உங்கள் அக்காளையே எடுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

ஞாயிறு காலை வாசல் மணி அடித்தது. சமையலறையிலிருந்து உங்கள் அக்கா, "அவர் வந்துட்டார் பாருங்க. அந்த செட்டை நல்லாக் கழுவி மேசை மேல வைங்க" என்றாள். அவள் சொன்னது அலமாரியில் இருக்கும் டீ செட்டை என்பது பிற்பாடு வெளிவந்த சமாச்சாரம். வருகிறவர் தொழில் தெரிந்தவர், வந்த கையோடு பார்த்துவிடட்டும் என்றுதான் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். வாயிலிருந்ததைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு சின்னத் தட்டில் வைத்து மேசை நடுவில் வைத்தேன். பிஸ்கட்டோடு வந்த உங்கள் அக்கா அதைப் பார்த்தாள், பிஸ்கட்டை என் கையில் திணித்தாள், உள்ளே போனவள் போனவள்தான். மகள் மின்விசிறியைப் பார்த்தாள்.

வந்தவர் தங்கமான மனிதர். ஒன்றுமே நடக்காதது போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொக்கை வாயோடு மெதுவாக விசாரித்தேன்.

"தம்பி, நீங்க போடற செட்டு எவ்வளவு நாள் உழைக்கும்?"

"ஒரு வாரம் தாங்கினாப் போதும் சார். வேலை முடிஞ்சதும் அவங்களே உடைச்சிடுவாங்க."

"எதுல செய்யறீங்க?"

"தெர்மாகோல், பிளைவுட்தான். முன்னாடி நின்னு பார்த்தா அசல் மாதிரியே இருக்கும். பின்னாடி ஒண்ணுமே இருக்காது."

"ஈரம் பட்டா?"

"ஊறி உப்பிடும் சார். அதான் தார்ப்பாய் போட்டு மூடிடுவோம்."

வாய்க்குள் தார்ப்பாயைக் கவ்விக்கொண்டு எத்தனை ஜீவன்கள் நடமாடுகின்றனவோ என்று நினைத்துப் பார்த்தேன். எழுந்து நின்று, இந்தச் சம்பந்தம் நடக்காது, போய் வாருங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். மெதுவாகப் பேசியவரை சரி, வேகமாகப் பேசியதும் பல் இல்லாத வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. செட் கடிக்கிறது என்று முறையிடுகிறேன் போலிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். தட்டிலிருந்து அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து மரம் தேய்க்கும் உப்புத்தாளை எடுத்து ஓர் ஓரத்தை நாலு இழுப்பு இழுத்தார். கழுவிக் கொடுத்து, போட்டுப் பார்க்கச் சொன்னார்.

போட்டேன். மச்சான், அது ஈறில் போய் உட்கார்ந்த அழகை என்னவென்று எழுதுவேன்? கையிலிருந்த பிஸ்கட்டைக் கடித்தேன். படக்கென்று உடைந்தது. எத்தனை மாதமாகக் கஞ்சி குடித்தவன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெர்மாகோலோ தார்ப்பாயோ, கைவேலை தெரிந்தவன் பெண்ணைப் பட்டினி போடமாட்டான் என்று மனசு மாறிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணை உங்ககிட்ட ஒப்படைக்கிறேன் தம்பி. கண் கலங்காமப் பாத்துக்கணும்" என்றேன்.

"பத்திரமாப் பாத்துக்கறேன் சார். நாளைக்கே வண்டி அனுப்பறேன்" என்றார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் அவசரம். கல்யாணம் முடிந்த பிறகு அனுப்பினால் போதுமே என்றேன். அவர் என் மகளைப் பார்த்தார். மகள் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தாள். அவர் டீகூடக் குடிக்காமல் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார், கூச்ச சுபாவம்.

ஆகையால், பெண்ணுக்குத் தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் உடனே நல்ல மண்டபமாகப் பார்த்துப் பேசி வைக்கவும். சொந்தபந்தத்துக்கெல்லாம் தகவல் சொல்லிவிடவும். தங்கள் வீட்டம்மாளுக்கு என் விசாரிப்பு, குழந்தைகளுக்கு என் ஆசி, தங்களுக்கு முழு வரிசைப் பற்களோடு என் புன்னகை.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பி.கு.: உறையில் போடுவதற்குள் மகள் வாங்கிப் படித்துவிட்டாள். அவர் சினிமாவுக்கு அரண்மனை, ஜெயில் எல்லாம் பலகையில் கட்டுகிறவராம். செட் ஆனது கல்யாணம் இல்லை, அவரிடம் அவற்றுக்கு வர்ணம் தீட்டும் வேலை. வண்டி அனுப்புவதாகச் சொன்னதும் அதற்குத்தானாம். அவருக்கு மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. அந்த மனைவி இவளோடு படித்த 'காலேஜ் செட்'டாம். அப்படி ஒரு செட் இருப்பதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். மண்டபம் பேச வேண்டாம். மேலே எழுதியதில் பிஸ்கட் கடித்தது ஒன்றுதான் நிச்சயம். சொந்தபந்தத்துக்கு அதை மட்டும் சொல்லவும்.