எனக்கு விழுந்த பாடும் ஏழு கிலோ பையும்

அனுப்பம்பட்டில் குடியிருக்கும், என் பாரியாளின் ஒரே தம்பியான துளசிங்கம் அவர்களுக்கு, மாமன் திருவேங்கடம் மரியாதையுடன் சொல்லச் சொல்ல எழுதப்படுவது. இங்கே ஏரியில் தண்ணீரும் வீட்டில் சண்டையும் குறைவில்லாமல் இருக்கின்றன. அங்கேயும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்த மரியாதைப் பேச்செல்லாம் நம்மளால முடியாது மச்சான். "அக்காவை உட்டுட்டு நீ மட்டும் வியட்நாம் போறியே மாமா, வெக்கமா இல்ல?"ன்னு கேட்டுட்டு போனை வெச்சியே, அப்புறம் நான் கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கறே. அதான் கடுதாசி. நான் ரெண்டாங் கிளாசு, உங்கக்கா எட்டாவது, அதனால அவதான் எய்துறா. நான் இன்னா சொல்றனோ அப்படியே எய்தணும்னு சத்தியம் வாங்கிட்டேன். (பொய் தம்பி. வாங்கல. – அக்கா.)

நாயத்தைக் கேளு. எங்க பொண்ணு வைஷ்ணவி ஆபீசுல லீவு போட்டுட்டு, முதுகுல ஒரு பையை மாட்டிக்கினு நாடு சுத்தக் கெளம்புது. "நைனா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் கூட்டினு போக முடியும், நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னுச்சு. நம்ம குப்பத்துல, ஏரியில யாரு எந்த எடத்துல வலை கட்டறதுன்னு எப்படி முடிவு பண்றோம்? பாடு குலுக்கித்தானே? அதே மாதிரி எனக்கு ஒரு கறுப்புக் கிளிஞ்சல், உங்கக்காவுக்கு ஒரு வெள்ளைக் கிளிஞ்சல் பானையில போட்டுக் குலுக்கினோம். கறுப்பு வந்துச்சு. பாடு எனக்கு. இதுல வெக்கம் எங்கேந்து வந்துச்சு? (பானையைக் குலுக்கினதும் அவருதான், கையை உட்டதும் அவருதான்.)

பையில ஏழு கிலோவுக்கு மேல ஏறக்கூடாதாம். "ரெண்டு சட்டை, ஒரு துண்டு, மாத்திரை, அவ்ளோதான் நைனா"ன்னுச்சு வைஷ்ணவி. மனுசனுக்கு அவசியம்னு சிலது இருக்குல்ல? ரெண்டு லுங்கி, கொசுவலை, ரேடியோ, வலை தைக்கிற ஊசி. அங்கயும் ஏரி இருக்குமாம், ஒருத்தன் கிழிஞ்ச வலையோட நிக்கறதைப் பாத்துட்டு சும்மா வர முடியுமா? அப்புறம் ஒரு பொட்டலம் கருவாடு. "அது எதுக்கு?"ன்னா உங்கக்கா. "அந்த ஊரு மீனு எப்படியோ, யாரு கண்டா"ன்னேன். "ஏரோப்ளேன்ல உன் பக்கத்துல குந்தறவன் இன்னா பாவம்யா பண்ணான்?"னா.

இறா ஏவாரி தராசுல பையைத் தொங்கவுட்டேன். சரியா ஏழு. உங்கக்கா வியுந்து வியுந்து சிரிக்கிறா. "நம்ம இறாவை அதுல நிறுத்துத்தான் அந்த ஆளு மாடி வூடு கட்டினான். அதுல ஏழுன்னா நெசத்துல ஒம்போது." சரிதான்னு கொசுவலையை எடுத்தேன்.

இப்பதான் கூத்து. நான் எதை வெச்சாலும் கொஞ்ச நேரத்துல வெளிய கெடக்குது. லுங்கி கொடியில தொங்குது, ரேடியோ அடுப்பாண்ட பாடுது. ஆனா பை மட்டும் எளைக்கவே இல்ல. மேலாக்க கையை உட்டுப் பாத்தா தேங்காண்ணை பாட்டிலு, முட்டிவலித் தைலம், மாங்கா ஊறுகா. "இன்னாடி இது?"ன்னா, "எல்லாம் உனக்குத்தான்யா"ங்கறா. எனக்கு எதுக்கு மச்சான் சவுரி முடி? (நேரமாவுது தம்பி. மத்தியான ரயிலுக்குப் பொன்னேரி டேசன்ல கொயந்த வைஷ்ணவி காத்துக்கினு இருக்கும். கெளம்புய்யான்னா கடுதாசி எய்தச் சொல்றாரு.)

இருடி. மச்சானுக்கு நாலு வார்த்தை சொல்லாம எப்படிப் போறது? எங்க கல்யாணத்துல நீ ஜிலேபியைத் திருடி டவுசர் ஜோபியில வெச்சியே, அதுலேந்து ஆரம்பிக்கறேன். (தம்பி, பாடு வியுந்தவன் நேரத்துக்கு வலையோட தண்ணியில எறங்கலன்னா அடுத்தவன் எறங்கிக்கலாம். அதானே நம்ம குப்பத்து வயக்கம்? நீயே சொல்லு.)

அது மீனுக்குடி, ஏரோப்ளேனுக்கு இல்ல. நீ எய்து. அந்த ஜிலேபி ஒழுகி, எறும்பு ஏறி, நீ பந்தல்ல குதிச்ச குதி இருக்கே, அதைப் பாத்துட்டு எங்கம்மா, "இந்த வூட்டுலயாடா பொண்ணு எடுக்கறோம்"னு

பின்குறிப்பு: இது என் கையெழுத்து, கோணலாத்தான் இருக்கும். நான் பேசிக்கினு இருக்கும்போதே பேனாவை வெச்சுட்டா. பையைத் தூக்கி முதுகுல மாட்டிக்கினு, "உன் மொறை போச்சுய்யா"ன்னு சொல்லிட்டு, பக்கத்து வூட்டு செங்கல்வராயன் ஆட்டோல ஏறிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல.

மேல இருக்கறதை எல்லாம் அடிச்சுடு. டிக்கெட்டு மொதல்லேந்து அவ பேர்லதான், எங்க ரெண்டு பேருக்கும் எடுத்த பாஸ்போர்ட்டும் வைஷ்ணவிகிட்டதான் இருக்குது. நானும் வைஷ்ணவியும் சேந்து பண்ண வேலை. பொன்னேரிக்கு பஸ்சுல போனாலே எனக்கு வாந்தி வரும், உனக்குத் தெரியாதா? "நீ போயிட்டு வாடி"ன்னு சொல்லியிருந்தா, "உனக்கு யாரு சோறு ஆக்கிப் போடறது"ன்னு அடுப்பாண்டயே குந்தியிருப்பா. பாடு எனக்கு வியுந்தாத்தான் அவளுக்கு ரோசம் வரும்னு பானையில ரெண்டுமே கறுப்புக் கிளிஞ்சல்தான் போட்டேன். பை அடியில அவளோட ரெண்டு நூல்பொடவை, சக்கரை மாத்திரை, மூக்குக்கண்ணாடி எல்லாம் நேத்தே மடிச்சு வெச்சுட்டேன்.

கொயந்தைங்களுக்கு என் ஆசீர்வாதம். உன் பொண்டாட்டிக்கு வணக்கம். மீனு விக்கற அம்மணி இறாக் கூடையோட உன் ஊருக்குத்தான் வருது, இதை அதுகிட்ட குடுத்தனுப்பறேன்.

ஒண்ணே ஒண்ணு மச்சான். அவ வெளிய எடுத்துப் போட்டதுல லுங்கி இருக்குது, ரேடியோ இருக்குது, ஊசி இருக்குது. கருவாட்டுப் பொட்டலத்தை வூடு பூரா தேடிட்டேன், காணோம். அடியில பொடவை மடிப்புக்குள்ள சொருகினேன்னு இப்பதான் ஞாபகம் வருது. ஏர்போர்ட்டுல புடிச்சு நிறுத்தினா என்னைக் கூப்பிட மாட்டா, கோவத்துல இருக்கா. உன்னைத்தான் கூப்பிடுவா.

போனை எடு.