காதில் தோடு போட்ட கார்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். கயிறு மாட்டினால்தான் பசியாறும். ஆனால் புல்லைத் தொடாது, புகையும் விடாது. நாலு காலும் உருண்டை. அது என்ன?

மின்சாரக் கார் என்பீர்கள். கொடும்பாளூர்ப் பக்கத்தில் அப்படிச் சொன்னால் தப்பு.

அங்கே சிவரஞ்சனி என்று ஒருத்தி. மகள் அன்புமொழி விராலிமலையில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். காலை பஸ் வந்தால் வரும். வராவிட்டால் முதல் பாடம் போய்விடும். இதற்காகவே சிவரஞ்சனி மின்சாரக் கார் வாங்கினாள். வீட்டில் சார்ஜர் இல்லாததால் கார், வீட்டையொட்டிய காலிக் கொட்டகையில் முடங்கிக் கிடந்தது.

சார்ஜருக்காகக் கொட்டகைக்கு மின் லைன் கேட்டு மனுப் போட்டாள். பார்வையிட வந்த மின் பொறியாளர் கோபிநாத் மிகவும் நேர்மையானவர். விதியில் இல்லாத எதையும் அவர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

"இது ரெக்கார்டுல மாட்டுக்கொட்டகைங்க. மாட்டுக்குன்னா லைன் குடுக்கலாம். காருக்கு முடியாது."

"மாடு ஏதுங்க சார் இங்க? கார்தான நிக்குது?"

"காருன்னு நீங்கதான் சொல்றீங்க. டாக்டர் சொல்லணும்."

கால்நடை மருத்துவர் வந்தார். பானெட்டில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்த்தார். டயரைக் கவனமாகத் தவிர்த்து, சீட்டில் கோமாரி ஊசி போட்டார். பக்கக் கண்ணாடிகள் காதுபோல நீட்டிக்கொண்டிருந்ததால் அடையாளத் தோடு மாட்டுவதில் சிரமம் ஏற்படவில்லை. பால் கறக்குமா என்று கேட்டார். கறக்காது என்றாள் சிவரஞ்சனி. அப்படியானால் காளை என்று முடிவுசெய்து, 'நிறம் வெள்ளை, குணம் சாது' எனச் சான்று வழங்கினார்.

அன்று மாலையே சார்ஜர் மாட்டிவிட்டார்கள். அன்புமொழி தினமும் காளையில் பள்ளிக்கூடம் போய்வந்தாள்.

தை பிறந்ததும் ஜல்லிக்கட்டுக் கமிட்டித் தலைவர் சேவுகன் வாசலில் வந்து நின்றார். பதிவான காளை எதுவும் வாடிவாசலுக்கு வராமல் இருக்கக் கூடாதாம்.

"இது காருண்ணே."

"காதுல தோட்டைப் போட்டுக்கிட்டு காருங்கிறியே தாயி."

மறுத்தால் சான்று போகும். சான்று போனால் லைன் போகும். சிவரஞ்சனி சம்மதித்தாள்.

காளைக்குள் ஆள் உட்காரக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஆகவே அவளே ஓட்டிக்கொண்டு வாடிவாசலைத் தாண்டினாள். திமிலைத் தவிர வேறெங்கும் பிடிக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் ஒழுங்கு. வீரர்கள் சுற்றிச் சுற்றி வந்து திமிலைத் தேடினார்கள். யாருக்கும் அகப்படவில்லை. பிடிபடாத சிறந்த காளைக்குப் பசுவும் கன்றும் பரிசாகக் கிடைத்தன.

மறுநாள் ஊரில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் தோடு கேட்டு மருத்துவர் வீட்டு முன்னால் வரிசையில் நின்றார்கள். டீசல் கார்களை மட்டும் அவர் நுரையீரல் கோளாறு என்று திருப்பி அனுப்பினார்.

பசு கொட்டகைக்கு வந்த கையோடு கோபிநாத்தும் வந்துவிட்டார். அந்த லைன் ஒன்றைத்தான் தாங்குமாம். ஒன்று, பசுவுக்கும் கன்றுக்கும் ஃபேன். இல்லையென்றால் காளைக்குச் சார்ஜர். சிவரஞ்சனி வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்:

"காளையை யாருக்காக வாங்குனீங்க?"

"மகளுக்காகத்தாங்க. பஸ்ஸ நம்பிப் படிக்க வைக்க முடியல."

"அப்ப பயனாளி அவங்கதான். அவங்களே சொல்லட்டும்."

அன்புமொழி, கன்றுக்கே ஃபேன் போடுங்கள் என்றாள்.