பெண் பார்க்கும் படலமும் என் நவீன நாடகமும்

சமூகத்தைத் தோலுரிக்கும் நாடகம் எழுதுகிறவர், சொந்த வீட்டாரை அரங்குக்குள் விடக் கூடாது. இருபத்தாறு வயதில் எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். (அப்போது நான் அறிவுஜீவி. தாடிகூட இருந்தது.)

பகலில் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர்; மாலையில் நவீன நாடகக்காரன். எங்கள் குழுவில் ஆறு பேர். ஆளுக்கொரு கறுப்புச் சட்டை, பொதுவில் ஒரு பறை. கல்யாணம், குடும்பம், சாதி என்று எல்லாவற்றையும் வரிசையாக இடித்துத் தள்ளுவதாகத் திட்டம். முதலில் கல்யாணம். கதைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. என் அக்கா செல்வியைப் பெண் பார்க்க அதுவரை ஏழு குடும்பங்கள் டவுணில் எங்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தன. ஏழாவதாக வந்த மாப்பிள்ளையின் அம்மா, அக்காவை நடக்கச் சொல்லிப் பார்த்தார்; செய்தித்தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாசித்தாள்.

அதை அப்படியே நாடகமாக்கினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (பெண் விடுதலைக்காக எழுதும்போது அதற்கெல்லாம் ஏது நேரம்?)

அரங்கேற்றத்தன்று, மணப்பெண்ணாக நடிக்க வேண்டியவளை அவள் வீட்டில் அனுப்பவில்லை. அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். நண்பன் முருகேசன் சேலை கட்டிக்கொண்டான். மீசையை எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

"அங்கன வரைக்கும் பைய நடந்து காட்டும்மா" என்று மேடையில் மாமியார் சொன்னதும் முருகேசன் நடந்தான். அரங்கம் கண்ணீர் விட வேண்டிய இடம். விசில் பறந்தது.

"பொண்ணு நல்லாத்தான் நடக்குது வே, மீசைதான் கொஞ்சம் கூடுதல்!" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

இரண்டாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அக்கா தலை குனிந்திருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சியில் மணப்பெண்ணின் தம்பி சீறி எழுந்து, வந்தவர்களை வாசலுக்கு வெளியே துரத்துவான். அந்தத் தம்பி நான்தான். கைதட்டல் பலமாக விழுந்தது. பிறகு கலந்துரையாடல். பேராசிரியர் ஒருவர், "கதை கற்பனையா தம்பி?" என்று கேட்டார்.

தாடியைத் தடவிக்கொண்டு, "எங்க வீட்லயே நடந்தது சார். அந்தா, எங்க அக்காதான்" என்று கையை நீட்டினேன்.

அத்தனை தலைகளும் திரும்பின. அக்கா எழுந்தாள். வகுப்பில் பேசுகிற அதே குரல்.

"நடந்தது உண்மதான் சார். நடந்து காட்டுனேன், பேப்பரும் வாசிச்சேன். ஆனா தம்பி யாரையும் வெரட்டல. அங்கனதான் உக்காந்திருந்தான். கேசரி நல்லாருக்குன்னு ரெண்டாவது தட்டு கேட்டான்."

முருகேசனின் மீசைக்குச் சிரித்ததெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. எங்கள் பறைக்காரன் வேறு பொருத்தமாக ஓர் அடி அடித்தான். யாரோ போனில் பிடித்ததில், மறுநாள் காலை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு நாடகம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "மன்னிச்சிரு, அக்கா" என்றேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டாவது தட்ட நாந்தாம்லே கொண்டாந்து தந்தேன். அதையும் எழுதியிருக்கலாம்லா?"

எட்டாவது குடும்பம் வர அக்கா சம்மதிக்கவில்லை. சாத்தான்குளத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். தனியாக அங்கேதான் இருக்கிறாள். நான் பெண் பார்க்கப் போய்த்தான் கல்யாணம் செய்துகொண்டேன். (ஆமாம், போனேன்.)

இன்றும் வீட்டில் நான் சமத்துவம், சுரண்டல் என்று ஆரம்பித்தால், என் மனைவி பேசாமல் எழுந்துபோய் அடுப்பில் ரவையை வறுக்கத் தொடங்குவாள். வீடே சிரிக்கும். அக்கா லீவுக்கு வந்திருக்கும்போது மட்டும் யாரும் இந்த விளையாட்டை எடுப்பதில்லை.