எந்தப் பட்டனை அழுத்தினாலும் பிழைப்பார்

எங்கள் துறைக்கு ஒரு புனிதமான கடமை உண்டு. ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மக்களுக்குச் சொல்வது. இருபது வருஷமாகத் துண்டறிக்கை அச்சடித்துச் சொல்லிவந்தோம். அத்தனையும் பின்பக்கக் கிடங்கில் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றுகூட வெளியே போய் வீணாகவில்லை.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் துறைக்காரர்கள் 'இன்டராக்டிவ்' படம் ஒன்று எடுத்துத் தொலைத்தார்கள். படம் நடுவில் நிற்குமாம். 'இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்குமாம். நாம் அழுத்துகிற பட்டனுக்கு ஏற்றபடி கதை போகுமாம். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் தலைவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அவங்களுக்கு ரெண்டு பட்டன்னா நமக்கு நாலு" என்று உத்தரவு போட்டார்.

தொண்டையில் சாப்பாடு அடைத்துக்கொண்டவரைக் காப்பாற்றுவது எப்படி என்பது பொருள். காப்பாற்றுபவர் துணைத் தலைவர். அடைத்துக்கொண்டு திணறுபவன், எழுத்தர் வேலை பார்க்கும் அடியேன். முழி பிதுங்குவதில் எனக்குப் பதினோரு வருஷ அனுபவம் இருப்பதால் தனியாக நடிக்க வேண்டியதில்லை என்றார்கள்.

விஷயம் தெரிந்தவர் ஒருவராவது வேண்டுமே என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்தார்கள். அந்தம்மா வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "நாலு நிமிஷம்தான் சார் டைம். அதுக்கு மேல மூளை தாங்காது. ஆளைக் குனிய வெச்சு, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல அஞ்சு அடி. பலமா. வரலையா, பின்னால நின்னு வயித்தைக் கட்டிப் பிடிச்சு, உள்ளேயும் மேலேயும் அஞ்சு இழுப்பு. வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. தப்பான பட்டனை அழுத்தினா ஆள் செத்துடற மாதிரி காட்டுங்க. அப்பதான் மனசுல நிக்கும்."

தலைவர் பதறிப்போனார். "சாவா? நம்ம துறைப் படத்துலயா? நம்ம படத்துல யாரும் சாகக் கூடாதும்மா."

"தண்ணி குடுக்கறதுன்னு ஒருத்தர் அழுத்தினா?"

"பிழைக்கட்டும்."

"விசிறி விடறதுன்னு அழுத்தினா?"

"பிழைக்கட்டும். நாம என்ன குறைஞ்சா போயிடுவோம்?"

"எதை அழுத்தினாலும் பிழைப்பார்னா பட்டன் எதுக்கு சார்?"

"இன்டராக்டிவ்" என்றார் தலைவர்.

படம் எடுக்க வந்தவர், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் கண்ணில் ஒன்றுமில்லாமல் திரிகிற ஆள், மெல்ல இழுத்தார். "ஒரு பட்டனாவது தப்பா இருந்தாதான் சார் பார்க்கறவங்களுக்கு ஒரு த்ரில்."

நியாயமான பேச்சு. ஒரு வாரம் கோப்பு மேலும் கீழும் போய்வந்தது. கடைசியில் ஒரே ஒரு தவறான விடைக்கு ஒப்புதல் கிடைத்தது: 'மேலதிகாரிக்குத் தெரிவிக்காமல் தானாகவே உதவியைத் தொடங்குதல்.' இதை அழுத்தினால் மட்டும் திரை சிவக்கும்.

படப்பிடிப்பு தொடங்கியது. துணைத் தலைவர் மூன்று நாள் வரவில்லை, கூட்டமாம். விளக்கு வெளிச்சத்தைச் சரி பார்க்க அவர் இடத்தில் யாராவது நிற்க வேண்டும். ஆபீஸ் கூட்டிப் பெருக்கும் அக்காவைப் பிடித்து நிறுத்தினார்கள். "சும்மா நில்லும்மா, போதும்" என்றார் படக்காரர். நர்ஸுக்குக் கை சும்மா இருக்குமா? "நிக்கறதுதான் நிக்கறீங்க, முறையா பண்ணுங்க. இப்ப மெதுவா, நிஜத்துல பலமா" என்று சொல்லிக்கொடுத்தார். மூன்று நாளில் அக்கா என்னை நாற்பது தடவை காப்பாற்றினாள். ஒவ்வொரு தடவையும் "வலிக்குதா தம்பி?" என்று கேட்டாள். அந்த ஆபீஸில் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

நாலாம் நாள் துணைத் தலைவர் பவுடர் பூசிக்கொண்டு வந்தார். கீழ்நிலை ஊழியரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பது பதவிக்கு அழகல்ல என்று அபிப்பிராயப்பட்டார். இரண்டு விரலால் என் தோளைத் தட்டினார். நான் இருமி, எழுந்து, "நன்றி ஐயா" என்றேன். முதல் டேக்கிலேயே ஓகே.

படத்துக்கு முன்னால் தலைவரின் முன்னுரை சேர்ந்தது. ஆறு நிமிஷம். ஓட்டித் தாண்டிப் போக வழி கிடையாது.

"சார், ஆள் நாலு நிமிஷத்துல போயிடுவார்" என்றார் நர்ஸ்.

"அதைத்தாம்மா ஆறு நிமிஷமா வலியுறுத்தியிருக்கேன்!"

அந்தம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். அங்கே நிஜமாகவே ஆட்கள் சாவதால் அவருக்கு வேலை இருந்தது.

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆபீஸுக்கே கட்டாயப் பயிற்சி என்றார்கள். ஒரே நாளில் அறுபத்திரண்டு பேரும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினோம். எப்படி என்று கேட்கக் கூடாது. முன்னுரையை ஓடவிட்டு டீ குடிக்கப் போனோம். வந்து 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்தினோம். அடியேனும்தான். அக்கா ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவள். லாகின் கிடையாது, ஆகவே பயிற்சியும் கிடையாது.

வெளியீட்டு விழாவுக்குக் கேக் வெட்டினார்கள். தலைவர் கையால் ஒரு துண்டு எனக்கும் வந்தது. அதிகாரி கொடுத்ததை அவர் எதிரே நின்று மெல்வது மரியாதையில்லையே என்று அப்படியே விழுங்கினேன். பாதி வழியில் நின்றுவிட்டது.

மூச்சு இல்லை. குரல் இல்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அரங்கமே கைதட்டியது. "படத்தைவிட நேர்ல பிரமாதமா பண்றாருய்யா!"

என் உதடு நீலமானதும் கைதட்டல் நின்றது. நீலம் ஒப்பனையில் இல்லை என்பது படக்காரருக்குத் தெரியும். "சார், இது நிஜம்!" என்று கத்தினார்.

"பதறாதீங்க. நடைமுறைப்படி செய்வோம்" என்றார் துணைத் தலைவர். "படத்தைப் போடுங்க!"

பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பானது. பிறகு திரையில் தலைவர் தோன்றினார். "ஒவ்வொரு நொடியும் பொன்னானது" என்று நிதானமாக ஆரம்பித்தார். நிஜத் தலைவர் தன் பேச்சைத் தானே கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். துணைத் தலைவர் நினைவுக்கு வந்தவரை என் தோளை இரண்டு விரலால் தட்டினார். எனக்குக் கண் இருட்டியது. என் சாவு ஆறு நிமிஷ முன்னுரையில் முடியப்போகிறது என்பது நன்றாகத் தெரிந்தது. பயமாக இருந்தது; அதைவிட ஆத்திரமாக இருந்தது.

பின்னால் வாளி உருண்டது. என்னைக் குனியவைத்து முதுகில் விழுந்தது ஓர் அடி. அம்மாடி! ஐந்து அடி. பிறகு வயிற்றைச் சுற்றிக் கை. உள்ளே, மேலே. மூன்றாவது இழுப்பில் கேக் துண்டு பறந்துபோய்த் திரையில் தலைவரின் மூக்கில் ஒட்டியது.

"வலிக்குதா தம்பி?"

நான் ஓவென்று அழுதேன்.

மறுநாள் அக்கா மேல் விசாரணை. குறிப்பெடுக்க என்னையே உட்காரவைத்தார்கள்.

"உன்கிட்ட சான்றிதழ் இருக்காம்மா?" என்று கேட்டார் தலைவர்.

"இல்லீங்க."

"மேலதிகாரிக்குத் தெரிவிச்சியா?"

"எல்லா மேலதிகாரியும் அங்கதானே சார் நின்னீங்க?"

"நின்னோம். தெரிவிச்சியா?"

அங்கேயே தேர்வு வைத்தார்கள். படம் நின்று கேள்வி கேட்டதும், அக்கா திரையில் 'தானாகவே தொடங்குதல்' என்பதைப் படாரென்று அழுத்தினாள். திரை சிவந்தது. யாருமே தோற்க முடியாத தேர்வில் தோற்ற ஒரே ஆள் என்ற பெருமை அவளுக்கே.

தகுதியற்ற ஒருவரை ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் வைத்திருப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று முடிவாயிற்று. அவளைத் துண்டறிக்கைக் கிடங்குக்கு மாற்றினார்கள். உத்தரவை எழுதியது நான். அவள் மீட்டுக் கொடுத்த மூச்சை வைத்துக்கொண்டுதான் எழுதினேன். பிழையில்லாமல் எழுதியிருப்பதாகத் தலைவர் பாராட்டினார்.

வீட்டில் சொன்னபோது மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "வெக்கமா இல்லை உங்களுக்கு?" என்றாள். இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே ஏற்கெனவே, பில் பணத்துக்கு அலைந்துகொண்டிருந்த படக்காரர் ஒரு துண்டறிக்கைக் கட்டின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஏழு பேர். அந்த வாரக் கடைசியில் துணைத் தலைவரும் டப்பாவோடு வந்து, "காத்தோட்டமா இருக்கு" என்றார். அந்தக் கிடங்குக்கு ஜன்னலே கிடையாது. திங்கட்கிழமை, ஆபீஸே அங்கே கூடிவிட்ட பிறகு, தலைவர் வந்தார். "ஆய்வு" என்று சொல்லிவிட்டு, அக்காவுக்குக் கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

அக்கா மட்டும் ஓரமாக நின்று ஒரு டம்ளர் பாலைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, நீங்க சாப்பிடலையா?" என்றேன்.

"மெல்லற மாதிரி எதையும் இங்க வந்து தின்னறதில்லை தம்பி."

"ஏன்?"

அவள் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். அறுபத்திரண்டு சான்றிதழ்கள் வாயில் சோற்றோடு அவளைப் பார்த்தன.

"எனக்கு அடைச்சா, இதுல யாரு வருவீங்க?"